ஒரு டப்பா அழுக்கு

புதன்கிழமை காலை ஆறே காலுக்கு முட்டைகளுக்கு வால் முளைத்துவிட்டது.

சின்னவள் மீன்தொட்டியின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். நேற்று வரை கற்பலகையில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்த மஞ்சள் புள்ளிகள் இன்று துடித்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் முடி மாதிரி ஒரு வால். வால் ஆடியது. பலகை மொத்தமும் ஆடியது. "ஐயோ, ஆடுதே!" என்று யாரும் இல்லாத வீட்டில் கத்திவிட்டு, ஓடிப்போய் போனை எடுத்தாள்.

"மாமா! வால்!"

மறுமுனையில் அக்கா புருஷனுக்கும் மூச்சு வாங்கியது. "எத்தனைக்கு?"

"எல்லாத்துக்கும்! இருநூறு இருக்கும் மாமா."

"அம்மா மீன் கிட்டக்க நிக்குதா?"

"நின்னு விசிறிக்கிட்டே இருக்கு."

"அப்பன்காரன்?"

"அவரும் காவலுக்கு நிக்கிறார்."

"ஃபில்டர்ல குமிழ் வருதா?"

"வருது, வருது" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மாமா பஸ் டிப்போவில் மெக்கானிக். கையில் எப்போதும் கிரீஸ், மனசில் எப்போதும் மீன். அந்த ஏஞ்சல் மீன் ஜோடி நான்கு வருஷத்தில் ஆறு தடவை முட்டை போட்டது. ஆறு தடவையும் மூன்றாம் நாள் தாயும் தகப்பனுமாகச் சேர்ந்து முட்டையைத் தின்றுவிட்டுப் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தன. இது ஏழாவது. போட்டதும் எப்போது? மகளைக் காலேஜ் ஹாஸ்டலில் சேர்க்கக் கிளம்புவதற்கு முதல் நாள். மாமா பயணத்தையே ரத்து செய்யப் பார்த்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

போகும்போது மாடியில் குடியிருக்கும் மச்சினியிடம் சாவியைக் கொடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கிழமை அதுங்க பலகையை விட்டு எழும்பி நீந்தும். அதுக்குள்ள நாங்க வந்துடுவோம். அது வரைக்கும் அதுங்க உயிரோட இருக்கணும் சின்னவளே. அது போதும் எனக்கு."

சின்னவள் என்பது வீட்டில். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பினாயில் மேடம் என்று பெயர். ஆபரேஷன் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, ஆவியில் வேகவைத்து, கிருமி இல்லாமல் கட்டி அனுப்பும் அறைக்குப் பதினெட்டு வருஷமாக அவள்தான் பொறுப்பு. அவள் கை பட்ட பொட்டலத்தால் ஒரு நோயாளிக்கும் சீழ் பிடித்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அவள் வருகிறாள் என்றால் வார்டு ஆயாக்கள் முதல் பெரிய டாக்டர் வரை கையைத் துடைத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவள் போனை வைத்துவிட்டு ஃபில்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

குமிழ் வந்தது. ஆனால் சோம்பேறித்தனமாக வந்தது. ஒன்று, பிறகு யோசித்து இன்னொன்று. அந்த ஃபில்டர் பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு குழாய், அதன் அடியில் இரண்டு பக்கமும் முஷ்டி அளவு ஸ்பாஞ்சு. காற்று மேலே போகும்போது தண்ணீர் ஸ்பாஞ்சு வழியாக இழுபடும். ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, முழங்கை வரை கழுவிக்கொண்டு, ஃபில்டரை வெளியே எடுத்து ஒரு ஸ்பாஞ்சைப் பிழிந்தாள்.

கறுப்பும் பழுப்புமாக ஒரு குழம்பு அவள் விரல் இடுக்கில் வழிந்தது.

"சீ!" என்றாள். அடுத்த கணம் அவள் கண் மின்னியது. குடிகாரனுக்குக் கடை தெரிந்தால் எப்படியோ, அவளுக்கு அழுக்கு தெரிந்தால் அப்படி. பச்சைப் பிள்ளைகள் இருநூறு பிறந்த வீட்டில் இப்படி ஒரு சாக்கடையா! பிரசவ வார்டில் இதை விடுவார்களா? புடவையை இழுத்துச் செருகினாள். இரண்டு ஸ்பாஞ்சையும் குழாயடியில் வைத்துக் கசக்கினாள். சோப்புப் போட்டாள். பிளீச்சிங் தூள் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்தாள். அதோடு விட்டாளா? பெரிய பாத்திரத்தில் கொதிக்கவிட்டுக் கால்மணி நேரம் வேகவும் வைத்தாள். கடைசியில் சோப்பு வாசமோ பிளீச்சிங் வாசமோ கொஞ்சமும் வராதபடி பத்துத் தடவை அலசி எடுத்தபோது, ஸ்பாஞ்சு கடையில் வாங்கிய நாளைவிட வெளுப்பாக இருந்தது.

திரும்பப் பொருத்தினாள். குமிழ் கடகடவென்று பொங்கியது! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேலையிடத்துப் பழக்கத்தில், பையில் இருந்த ஒட்டுப் பட்டியில் ஒரு துண்டு கிழித்து, "கிருமி இல்லை" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, தண்ணீருக்கு மேலே நின்ற குழாயில் ஒட்டினாள்.

அன்று சாயங்காலம் மாமா கூப்பிட்டார். "குமிழ் வருதா?"

"கொட்டுது மாமா!"

வியாழக்கிழமை காலை அவள் பாதி தூக்கத்திலேயே சிரித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தொட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

தாய் மீன் பலகைக்குப் பக்கத்தில் இல்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவுள் படபடவென்று அடித்தது. கீழே பலகையில் குஞ்சுகள் ஆடின, ஆனால் நேற்றைய ஆட்டம் இல்லை. ஓரத்தில் சிலது வெள்ளையாகி ஆடாமலே கிடந்தன. தகப்பன் மீன் பலகையை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு தடவை தின்றவன் பார்க்கும் பார்வை அது.

தொட்டி இருந்த மர அலமாரியின் கதவில் மாமா ஒரு தாள் ஒட்டியிருந்தார். தீனி எப்போது, விளக்கு எப்போது, மீன் கடைக்காரர் நம்பர் என்ன என்று எல்லாம் அதில் இருந்தது. அவள் அதை மனப்பாடமாகவே வைத்திருந்தாள். இன்று பதற்றத்தில் கதவை இழுத்தபோது, மேல் விளிம்பில் மட்டும் ஒட்டியிருந்த தாள் தூக்கிக்கொண்டது. மறுபக்கமும் எழுத்து!

"ஃபில்டர் பற்றி. அதில் உள்ள அழுக்குதான் தொட்டிக்கு உயிர். மீன் கழிவில் இருந்து அம்மோனியா என்ற விஷம் வரும். ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா அதைத் தின்றுவிடும். இந்தத் தொட்டியில் மணல் இல்லை, கல் இல்லை, ஆகவே அவற்றுக்கு ஸ்பாஞ்சை விட்டால் வேறு வீடு இல்லை. குமிழ் குறைந்தால் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதிலேயே இரண்டு பிழி. ஒரு நேரத்தில் ஒரு ஸ்பாஞ்சு மட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, அதில் கழுவினால் எல்லாம் செத்துவிடும்."

அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: "சின்னவளுக்கு: சோப்பு வேண்டவே வேண்டாம்."

சோப்பாம்! சோப்போடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லையே! பதினெட்டு வருஷ அனுபவத்தையும் திரட்டி, ஒன்று பாக்கியில்லாமல் கொன்றிருக்கிறாள். குழாயில் அவள் ஒட்டிய பட்டி அவளையே பார்த்தது. கிருமி இல்லை. கையெழுத்து வேறு.

அலமாரியில் தண்ணீர் சோதிக்கும் மருந்துப் புட்டி இருந்தது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து சொட்டு விட்டாள். மஞ்சளாக நின்றால் நல்ல தண்ணீர் என்று அட்டையில் போட்டிருந்தது. அது பச்சைப் பசேல் என்று மாறியது.

மீன் கடைக்காரரைப் போனில் எழுப்பினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் தூக்கம் பறந்துவிட்டது. "வேகவெச்சீங்களா? ஏம்மா, அது என்ன கிழங்கா?"

"திட்டுறதை அப்புறம் திட்டுங்க. இப்ப என்ன செய்யணும்?"

"பாதித் தண்ணியை மாத்துங்க. குழாய்த் தண்ணி வேணாம், உங்க மாமா குளோரின் போக டிரம்முல பிடிச்சு வெச்சிருப்பார் பாருங்க, அது. இன்னிக்கு ஒரு பொழுதுக்குத் தாங்கும். நாளைக்குத் தாங்காது. ஒரு பழைய தொட்டியோட அழுக்கு ஸ்பாஞ்சு கிடைச்சா அப்படியே கொண்டாந்து போடுங்க."

"உங்க கடையில இருக்குமே?"

"என் தொட்டி பூரா நேத்து மருந்து போட்டிருக்கேம்மா. நோயும் சேர்ந்து வந்துடும். நல்ல ஆரோக்கியமான தொட்டி, கழுவாத தொட்டி, உங்களுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட எங்கயாவது இருக்கா?"

அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒரு தொட்டிதான் இருந்தது. அதை நினைத்ததும் அவளுக்கு முகம் சுட்டது.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவின் காத்திருக்கும் கூடத்தில் ஒரு மீன்தொட்டி உண்டு. ஆக்சிஜன்காரர் வைத்தது. சிலிண்டர் மாற்றுவதும் குழாய் பார்ப்பதும் அவர் வேலை. ஊசிக்குப் பயந்து அழும் பிள்ளைகளுக்காகத் தன் கைக்காசில் அந்தத் தொட்டியை வைத்தார். பினாயில் மேடம் அதைப் பற்றி மூன்று தடவை எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். மூன்றாவதுக்குப் பலன் கிடைத்தது. ஃபில்டரை வாரா வாரம் பிளீச்சிங்கில் கழுவ வேண்டும், நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மேடம் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்று உத்தரவு. பதினாலு வாரமாக அது ஒழுங்காக நடக்கிறது.

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தாள். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான். ஒரு வாரமாவது அவர் சோம்பேறித்தனப்பட்டிருக்க வேண்டும்.

ஆக்சிஜன்காரர் கூடத்தில் தொட்டிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் விறைத்து நின்றார்.

"அண்ணே, அந்த ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கொஞ்சம் பாக்கணும்."

"போன வாரம்தான் கழுவினேன் மேடம்."

"எதுல?"

"பிளீச்சிங்ல. நீங்க சொன்ன அளவு, சொன்ன நேரம்."

அவள் குரல் இறங்கியது. "அழுக்கு எல்லாம் போயிடுச்சா?"

"சொட்டு இல்ல மேடம்."

"ஒரு ஓரத்துலகூட? உள்ளுக்குள்ள கொஞ்சம்?"

இது ஏதோ பெரிய விசாரணை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பயத்தில் இன்னும் உறுதியாகச் சொன்னார். "ஒரு கிருமிகூட உயிரோட இல்ல மேடம். சிலிண்டர் மேல சத்தியம். சந்தேகம்னா நோட்டைப் பாருங்க, பதினாலு கையெழுத்து."

பதினாலு கையெழுத்துக்கும் பக்கத்தில் அவளுடைய பதினாலு கையெழுத்து. இருந்த ஒரே தொட்டியையும் தன் உத்தரவாலேயே கொன்று வைத்திருக்கிறாள்! சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் பினாயில் மேடம் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்து, கைக்குட்டையைக்கூடத் தேடாமல் அழுதாள். ஊசிக்குக் காத்திருந்த பிள்ளைகள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளை வேடிக்கை பார்த்தன.

"மேடம்? மேடம், என்ன ஆச்சு?"

"வேகவெச்சுட்டேண்ணே."

"எதை?"

"எங்க மாமா வீட்டு ஃபில்டரை. ஏஞ்சல் மீன் குஞ்சு பொரிச்சிருக்கு, இருநூறு. நான் ஸ்பாஞ்சை வேகவெச்சுட்டேன்."

"ஒண்ணையா, ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

ஆக்சிஜன்காரர் இழவுச் செய்தி கேட்டவர் போலத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், நோட்டை மூடினார்.

"ஒரு விஷயம் சொன்னா எழுத்துல போடமாட்டீங்களே?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

"நான் ஒரு வாரம்கூடக் கழுவலை மேடம்."

அவள் எழுந்து நின்றாள். பதினெட்டு வருஷ சர்வீஸில் இவ்வளவு நல்ல செய்தியை யாரும் அவளிடம் சொன்னதில்லை. "கழுவவே இல்லையா?"

"மாசம் ஒரு தரம் தொட்டித் தண்ணியிலயே ரெண்டு பிழி. அவ்வளவுதான்."

"அப்ப பதினாலும் பொய்க் கையெழுத்தா?"

"பதினாலும் பொய் மேடம்."

"ரொம்ப நன்றிண்ணே! ரொம்ப ரொம்ப நன்றி!"

அவர் மிரண்டு போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பிறகுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது. சட்டைக் கையைச் சுருட்டித் தொட்டிக்குள் விட்டு ஒரு ஸ்பாஞ்சைக் கழற்றினார். கறுப்பு, வழவழப்பு, பார்க்கவே சகிக்காத அழுக்கு. "ஒண்ணுதான் தருவேன். ரெண்டையும் குடுத்தா என் பிள்ளைங்க திணறும்."

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாதத்தை ஒரு ஆயாவின் தட்டில் கொட்டினாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை வெந்நீரில் குளிக்கும் டப்பா அது. முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு தொட்டித் தண்ணீர் விட்டு, ஸ்பாஞ்சை அதில் உட்காரவைத்தார் ஆக்சிஜன்காரர்.

"மூடியை இறுக்காதீங்க. அதுங்களுக்கும் மூச்சு வேணும். காயவும் கூடாது."

"கொஞ்சம் ஆக்சிஜன் பிடிச்சு..."

"அதுக்கு டாக்டர் சீட்டு வேணும் மேடம். ஓடுங்க!"

ஓடினாள். தலைமை நர்ஸிடம் இரண்டு மணி நேர அனுமதி கேட்டாள். இதுவரை அனுமதி என்ற வார்த்தையே அவள் வாயில் வந்ததில்லை. "வீட்டுல யாருக்கு முடியலை?" என்று நர்ஸ் பதறினார்.

"இருநூறு பேருக்கு" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள்.

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். "சாப்பாடாம்மா? மூடி சரியா மூடலை போல, சொட்டுது."

"சாப்பாடு இல்லைம்மா. கிருமி."

அந்த அம்மாள் ஒரு தடவை டப்பாவைப் பார்த்தார், ஒரு தடவை ஆஸ்பத்திரி உடுப்பைப் பார்த்தார், எழுந்து முன்பக்கம் போய்விட்டார். அடுத்த நிறுத்தத்துக்குள் அந்த வரிசையே காலியானது. சின்னவளுக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. இடித்துத் தள்ள ஆள் இல்லாமல், தண்ணீர் தளும்பாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

வெளுத்த ஸ்பாஞ்சு ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கறுப்பு ஸ்பாஞ்சைச் செருகினாள். பழுப்பாக ஒரு புகை கிளம்பித் தொட்டி முழுக்கப் பரவியது. வாழ்நாளில் முதல் தடவையாக, சுத்தமான தண்ணீரில் அழுக்கு கலப்பதைப் பார்த்துக் கைதட்டினாள். "தின்னுங்கடா கண்ணுகளா, நல்லா தின்னுங்க!"

சாயங்காலம் மாமா கூப்பிட்டார். "குமிழ் வருதா?"

"வருது மாமா."

"தண்ணி எப்படி இருக்கு? தெளிவா இருக்கா?"

"கண்ணாடி மாதிரி" என்றாள். புகை இன்னும் முழுதாக அடங்கியிருக்கவில்லை. பொய் சொல்வது இவ்வளவு லேசா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நாலு நாளில் ஆக்சிஜன்காரருக்கே பாடம் எடுப்பாள் போல.

வெள்ளிக்கிழமை சோதனைக் குழாயில் பச்சை, ஆனால் வெளிர்ப் பச்சை. டிரம் தண்ணீரில் இன்னொரு தடவை மாற்றினாள். தாய் மீன் கீழே இறங்கி வந்து பலகையை விசிறியது. தகப்பன் மீன் அதன் பக்கத்தில் போனபோதெல்லாம் சின்னவள், "டேய், வாயை மூடு!" என்று கண்ணாடியைத் தட்டாமல் அதட்டினாள். சனிக்கிழமை பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியவில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள், விளக்கில் பார்த்தாள், மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தாள்.

ஞாயிறு காலை சொட்டு விட்டாள். குலுக்கினாள். மஞ்சள்! எலுமிச்சம்பழ மஞ்சள்!

அவள் திரும்பிப் பார்க்கும்போது பலகை காலியாக இருந்தது. தின்றுவிட்டானா பாவி? பிறகுதான் பார்த்தாள். பலகைக்கு மேலே, தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில், பொடிப் பொடியாக ஒரு கூட்டம் நீந்திக்கொண்டிருந்தது. ஒன்று வழி தவறி வெளியே வந்தது. தகப்பன் மீன் அதை வாயில் கவ்வியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அதைக் கொண்டுபோய்க் கூட்டத்துக்குள் பத்திரமாகத் துப்பினான்.

வாசலில் பெட்டி வைக்கும் சத்தம். மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தொட்டி முன்னால் வந்து நின்றவர் நின்றபடியே அழுதார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். "நூத்தி அறுபது இருக்கும்" என்றார் மாமா. "நூத்தி அறுபது! ஏழாவது தடவை!"

பிறகு அவர் கண் ஃபில்டருக்குப் போனது. ஒரு பக்கம் பால் வெள்ளை, ஒரு பக்கம் கன்னங்கறுப்பு. இரண்டும் அவருடையதாகத் தெரியவில்லை. குழாயில் ஒட்டியிருந்த பட்டியைக் குனிந்து படித்தார்.

"இருநூறு இருந்துச்சு மாமா" என்றாள் சின்னவள். "நாப்பது என்னாலதான் போச்சு. ஃபில்டரைக் கழுவி, வேகவெச்சுட்டேன். தாளோட பின்பக்கத்தை நான் பாக்கவே இல்லை. போன்ல தெளிவா இருக்குன்னு சொன்னதும் பொய்."

மாமா வெள்ளை ஸ்பாஞ்சைப் பார்த்தார், கறுப்பு ஸ்பாஞ்சைப் பார்த்தார், கடைசியில் மச்சினியைப் பார்த்தார்.

"இதை முன்பக்கத்துல எழுதுங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் அக்கா.

"இந்தக் கறுப்பு யாருது?" என்று கேட்டார் மாமா.

"எங்க ஆஸ்பத்திரி ஆக்சிஜன்காரரோடது. நான் கழுவச் சொல்லியும் கழுவாதவர்."

"அந்த மனுஷனுக்கு நான் பத்துக் குஞ்சு வளர்த்துக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, மாமா மச்சினியின் தலையில் கை வைத்தார். அவள் மறுபடி அழுதாள்.

திங்கட்கிழமை ஆக்சிஜன்காரர் நோட்டை எடுத்துக்கொண்டு கிருமி நீக்கும் அறை வாசலில் வந்து தயங்கினார். "இந்த வாரத்துக்கு என்ன மேடம் எழுதட்டும்?"

அவள் நோட்டை வாங்கி, மேலே இருந்த பிளீச்சிங் விதியை ஒரே கோட்டில் அடித்தாள். அதற்குப் பதிலாக, "தொட்டித் தண்ணீரில் பிழிந்தால் போதும். பிழிந்த கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். "நடந்ததை எழுதுங்க."

அவர் வாசல் கதவில் நோட்டை வைத்து நிதானமாக எழுதினார்: "ஒரு ஸ்பாஞ்சு மேடம் வீட்டில் இருக்கிறது. மற்றது தொட்டித் தண்ணீரில் பிழியப்பட்டது. அழுக்கு நலமாக உள்ளது."

பினாயில் மேடம் அதை இரண்டு தடவை படித்தாள். 'சரிபார்த்தேன்' என்று எழுதி, பதினைந்தாவது கையெழுத்தைப் போட்டாள்.